வெட்டு யார் மேல் விழுகிறது? விளாத்திகுளம் வட்டார உள்ளாட்சிப் பணியாளர்களின் நிலை

உள்ளாட்சிகளின் செலவைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் மேடையேறி அறிவிப்பதில்லை. ஆளை வேலையைவிட்டு நீக்கி ஆணை வருவதும் அபூர்வம். ஓய்வுபெற்றுப் போனவரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். இரண்டு பேர் பார்த்த வேலை ஒருவர் தலையில் விழும். சம்பளம் தள்ளித் தள்ளி வரும். புதிதாகச் சேருகிறவர் காலமுறை ஊதியத்தில் சேரமாட்டார். தொகுப்பூதியத்திலோ, மதிப்பூதியத்திலோ, ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ சேருவார். கரிசல் பூமியில் உள்ளாட்சி நிதிக்குறைப்பு இந்த வடிவங்களில்தான் வந்துகொண்டிருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற விதிகளிலும், எந்தப் பணியிடத்தை எந்தப் பெயரில் நிரப்புகிறார்கள் என்ற ஆணைகளிலும்தான் தேட வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கில், வைப்பாற்றங்கரையில் இருக்கிறது விளாத்திகுளம் பேரூராட்சி. அதைச் சுற்றி விளாத்திகுளம் ஒன்றியத்தில் 51 ஊராட்சிகள், பக்கத்துப் புதூர் ஒன்றியத்தில் 44. குளத்தூர், சூரங்குடி, வேம்பார், நாகலாபுரம் என்று போகிற பாதையெல்லாம் மானாவாரிக் காடு. மக்காச்சோளம், உளுந்து, பாசி, மிளகாய், பருத்தி, கம்பு. மழை தவறிய இடத்தில் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும். நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு. தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை நம்பித்தான் பல ஊர்கள் அடுப்பு மூட்டுகின்றன. பெரிய தொழிற்சாலையோ வணிக வளாகமோ இல்லாத ஊராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கொஞ்சம் தொழில் வரி, அவ்வளவுதான். ஓட்டு வீடும் காரை வீடுமாக இருக்கிற ஊரில் வீட்டு வரி எவ்வளவு வந்துவிடும்?

ஆகவே ஊராட்சி உயிரோடிருப்பது மேலிருந்து வரும் பணத்தால்தான். 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதற்கு வழி செய்தன. மாநிலம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதி ஆணையம் அமைக்க வேண்டும்; தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் அது 10 சதவீதம். ஊராட்சிக்கு ஊராட்சி ஒரு குறைந்தபட்சத் தொகை போக, மீதி மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது.

இந்த மக்கள்தொகைக் கணக்கு கரிசல் பூமியின் நடப்போடு ஒட்டுவதில்லை. இங்கே ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊர் கிடையாது. தாய்க்கிராமம் ஒன்று, அதைச் சுற்றிக் காட்டுக்குள் சிதறிய குக்கிராமங்கள் சில. ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனி மோட்டார், தனிக் குழாய்த் தடம், தனித் தெருவிளக்கு. செலவு குடியிருப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வரவு தலை எண்ணிக்கையைப் பொறுத்தது. தஞ்சை வண்டலில் நெருக்கமாக வீடு கட்டி வாழும் பெரிய ஊராட்சிக்கும், வைப்பாற்றுப் பக்கம் ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கும் சிறிய ஊராட்சிக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் யாருக்கு இடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்த பணம் எப்படிப் பிரிகிறது? ஊராட்சிகளின் வங்கிக் கணக்கு முறையில் பொது நிதிக்கு முதல் கணக்கு. மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் செலுத்த இரண்டாம் கணக்கு. திட்ட நிதிக்கு மூன்றாம் கணக்கு. மின்கட்டணத்துக்கென்று தனிக் கணக்கு வைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. பாக்கி ஏறி இணைப்பைத் துண்டித்துவிட்டால் ஊரே இருட்டிலும் தாகத்திலும் கிடக்கும். அந்த முன்னுரிமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை உறுதிசெய்த அமைப்பு, மோட்டாரைப் போடுகிறவரின் கூலியை அதே அக்கறையோடு உறுதிசெய்யவில்லை. அவருக்குப் பொது நிதியில் மிச்சம் இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் பணம் இன்னொரு வகையில் கை நழுவுகிறது. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குத் தக்கபடி செலவழிக்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. வந்த பணத்தைச் சம்பளத்தில் கரைத்துவிட்டு ஊருக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடுவார்கள் என்ற கவலையில் பிறந்த நிபந்தனை அது. கவலை நியாயமானதுதான். விளைவு வேறாகப் போயிற்று. தொட்டி கட்டப் பணம் உண்டு, ஏறிக் கழுவுகிறவருக்கு இல்லை. குப்பை வண்டி வாங்க உண்டு, தள்ளுகிறவருக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தது. மிக நல்ல காரியம். தெருவில் நாலு பொதுக் குழாய் இருந்த ஊரில் இன்று வீடெல்லாம் குழாய். வால்வும் கசிவும் புகாரும் அதே கணக்கில் பெருகின. பார்க்கிற ஆள் மட்டும் பழைய ஆள், பழைய கூலி.

தேர்தல் நடக்காத காலத்தில் இந்த ஒன்றிய மானியமும் சிக்கலாகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத உள்ளாட்சிக்கு ஒன்றிய நிதி ஆணைய மானியம் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்றாண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி, மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் பதவி காலியானால் அரசியல்வாதிக்கு நஷ்டம் என்று நினைக்கிறோம். சம்பளம் வராத மாதத்தில் கூப்பிட்டுக் கேட்க, கையில் காசிருந்தால் முன்பணம் கொடுக்க, ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு மனிதர் இல்லாமல் போவது பணியாளருக்குத்தான் பெரிய நஷ்டம். தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அன்றைக்குத் தொட்டி வேலை கெடும்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் என்பது ஆவணப் பெயர். ஊரில் டேங்க் ஆபரேட்டர், இல்லையென்றால் தண்ணி திறந்துவிடுகிறவர். கூட்டுக் குடிநீர் எந்நேரம் வருமோ அந்நேரம் அவருக்கு விடியல். மின்சாரம் போய்த் திரும்பினால் மோட்டார் கொட்டகைக்கு ஓட வேண்டும். மேற்குத் தெருவுக்கு அரைமணி, காலனிக்கு அரைமணி, அடுத்த குக்கிராமத்துக்கு சைக்கிளிலோ சொந்த பைக்கிலோ போய் அங்கே ஒரு திறப்பு. பெட்ரோல் அவர் காசு. பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதம் இரண்டு முறை தொட்டிக்குள் இறங்கிக் கழுவி, வெளியில் கழுவிய தேதியை பெயிண்டால் எழுத வேண்டும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும்போது மண்ணுக்குள் கிடக்கிற பிளாஸ்டிக் குழாயும் இழுபட்டு இணைப்பு விட்டுப்போகும். மழையில் மண் ஊதும்போது மறுபடி நெளியும். செம்மண் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் உடைப்பு இங்கே அடிக்கடி வரும். தோண்டி ஒட்டுவதும் பெரும்பாலும் அவரே. ‘அண்ணாச்சி, இன்னைக்கு எப்பம் தண்ணி விடுவீக?’ என்று ஊரே கேட்கிற மனிதர் அவர். அவருக்கு எப்பம் சம்பளம் வரும் என்று ஊர் கேட்பதில்லை.

ஒருவர் ஓய்வுபெற்றால் அவருடைய தொட்டியை அடுத்த குக்கிராமத்து ஆபரேட்டரிடம் சேர்த்துவிடுவது எளிது. காகிதத்தில் ஒரு சம்பளம் மிச்சம். தண்ணீர் திறக்கும் நேரம் அரைமணி குறையும், கழுவும் நாள் தவறும், குளோரின் பதிவேடு ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதப்படும். இதற்குப் பிறகு வருகிற வயிற்றுப்போக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தின் கணக்கில் ஏறும். ஊராட்சியின் சிக்கனக் கணக்கில் ஏறாது.

தூய்மைக் காவலர்களின் கதை இன்னும் கூர்மையானது. தொட்டி இயக்குபவருக்கும் பழைய தூய்மைப் பணியாளருக்கும் அடுத்த படியில் புதிதாக உருவான பிரிவு இது. ஏறத்தாழ 150 வீட்டுக்கு ஒருவர், வீடு வீடாகப் போய் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்குகிறவர். மாநிலம் முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். மாதம் 2,600 ரூபாயில் இருந்தது 3,600 ஆகி, பிறகு 5,000 ஆனது. உயர்வு உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மாதம் முழுவதும் காலையில் வண்டி தள்ளுகிறவருக்கு 5,000 என்பது பதினைந்து நாள் நூறு நாள் வேலைக் கூலிக்குச் சமம். உள்ளாட்சிப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்து 2017 அக்டோபரில் தொழிலாளர் துறையே ஓர் அரசாணை வெளியிட்டது. எண் 62, 2டி. தொட்டி இயக்குபவர்களும் தூய்மைப் பணியாளர்களும் ஒன்றிய அலுவலகங்களின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவர்கள் கேட்பது புதுச் சலுகை எதையும் இல்லை, அந்த ஆணையை அமல்படுத்துங்கள் என்பதைத்தான். அரசு தனியார் முதலாளிக்குச் சட்டமாக வைக்கிற குறைந்தபட்சத்தைத் தன் கீழுள்ள ஊராட்சிக்கு வலியுறுத்தத் தயங்குவது எந்த நியாயத்திலும் சேராது.

துப்புரவு வேலைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியும் ஓய்வூதியமும் அரசு வேலை என்ற அந்தஸ்தும் இந்த மக்களை எட்டத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த வேலையின் தன்மையே மாற்றப்பட்டது. பேரன் வேறு வேலைக்குப் போக, தாத்தாவின் நிரந்தரத் துப்புரவுச் சம்பளம் படிக்கட்டாக இருந்த குடும்பங்கள் கோவில்பட்டியிலும் விளாத்திகுளத்திலும் உண்டு. மருமகளின் 5,000 அந்தப் படிக்கட்டாக முடியாது.

நகரப் பக்கம் இது ஆணையாகவே வந்தது. 2022 அக்டோபரில் வெளியான அரசாணைகளில் எண் 139 நகராட்சிகளிலும், எண் 152 மாநகராட்சிகளிலும் கடைநிலைப் பணியிடங்களைச் சுருக்கி வெளிமுகமைக்குத் திருப்பின. தொழிற்சங்கங்கள் இன்றுவரை அவற்றைத் திரும்பப் பெறச் சொல்கின்றன. இந்தப் பாதையின் முனையை 2025 ஆகஸ்டில் சென்னையில் எல்லோரும் பார்த்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். கையில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் மாதம் சில ஆயிரம் குறையும் என்பதும் பணி நிரந்தரக் கனவு போய்விடும் என்பதும் அவர்கள் பயம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. சென்னைக்குக் கேமரா இருந்தது. சிறு பேரூராட்சிகளில் ஒப்பந்தக்காரர் மாறும்போது பி.எப். பிடித்தம் கணக்கில் ஏறியதா என்று தெரியாமல் நிற்கிற பெண்களைப் படம்பிடிக்க யாரும் போவதில்லை.

பள்ளிக்கூடச் சமையலறைக்கு வருவோம். 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம், விளாத்திகுளத்துக்கு அடுத்த ஊர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஊரகத்தில் அதன் நிர்வாகம் ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காலியிடங்கள் நிரப்பப்படாமல், ஓர் அமைப்பாளரே பக்கத்து மையங்களையும் கவனிக்கிற நிலை வந்தது. கடைசியில் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அனுமதி வந்தபோது, முதல் ஓராண்டுக்கு ஊதியம் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று இருந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைச் சத்துணவு ஊழியர்களிடமே தாருங்கள் என்று சங்கம் கேட்டது. சமையல் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் போயிற்று. குழந்தைகளுக்குக் காலையில் சூடாக உப்புமாவும் கிச்சடியும் கிடைப்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் இருபதாண்டில் இந்த மாநிலம் தொடங்கிய நல்ல திட்டங்களைப் பாருங்கள்: ஏறத்தாழ எல்லாமே பணியிடம் உருவாக்காமல் ஆள் பிடிக்கும் திட்டங்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 2001 நவம்பரில் அரசாணை 212 புதிய பணி நியமனங்களுக்குத் தடை போட்டது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்படி ஒரே வீச்சில் நீக்கினார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் திரும்பிச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் இடைநிலை ஆசிரியரைக்கூட 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். ஆசிரியர்களுக்கு அமைப்பு இருந்தது, ஓட்டு பலம் இருந்தது. 2006 ஜூனில் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிட்டார்கள். தொகுப்பூதியம் என்ற ஏற்பாடு மட்டும் போகவில்லை, கீழே இறங்கிச் சமையலறைக்கும் குப்பை வண்டிக்கும் போனது. அன்று ஆசிரியருக்குக் கொடுத்து அநியாயம் என்று நாம் கொதித்த அதே 3,000, இருபதாண்டு விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகு சமையல் உதவியாளருக்குக் கொடுக்கப்பட்டது.

2020 கொரோனாவில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவது நிறுத்தப்பட்டது. ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகி, பிறகு 60 ஆனது. அரசு ஊழியர் சங்கங்கள் பேசின, பத்திரிகைகள் எழுதின. அப்போது தெருத் தெருவாகக் கிருமிநாசினி தெளித்த தூய்மைக் காவலருக்கும், டெங்கு மஸ்தூருக்கும் நிறுத்திவைக்க அகவிலைப்படியே கிடையாது என்பதை மிகச் சிலரே எழுதினார்கள்.

அரசின் தரப்பையும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடன் சுமையை மறைக்காமல் வைத்தது. ஒன்றிய வரிப் பகிர்வில் 15ஆவது நிதி ஆணையம் தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம், நாம் ஈட்டித் தருவதற்கு அது குறைவு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய ஊரக வேலைச் சட்டம் செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் மேல் ஏற்றியிருக்கிறது. 2024 கடைசியில் தொடங்கி நூறு நாள் கூலி மாதக்கணக்கில் நின்றுபோனதைக் கரிசல் கிராமங்கள் மறந்திருக்காது. குப்பை வண்டி தள்ளுகிறவரின் வீட்டில் மாமியாருக்கு வர வேண்டிய பாக்கியும் அதில் இருந்தது. பணம் குறைவு என்பது பொய் இல்லை. டெல்லி குறைத்தால் சென்னை குறைக்கிறது, சென்னை குறைத்தால் ஊராட்சி ஒன்றியம் குறைக்கிறது, கடைசியில் குறைக்க யாரும் இல்லாத ஒருவரிடம் வந்து நிற்கிறது. ஒவ்வொரு மட்டத்திலும் நியாயம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கடைசி மட்டத்தில் இருப்பவருக்குச் சொல்ல யாருமில்லை.

குறைந்த கூலியில் வேலை வாங்குவது உண்மையில் மிச்சம்தானா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மன்றம் 2023 செப்டம்பர் 5 அன்று, இனி அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று கைவிரித்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, துப்புரவு, சமையல், பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கு ஆண்களைவிடப் பல காலம் குறைத்துக் கொடுத்த சம்பளம். பெண்கள் நீதிமன்றம் போய் 2012இல் உச்ச நீதிமன்றத்திலேயே வென்றார்கள். குறைத்த ஒவ்வொரு பவுண்டும் திரும்பி வந்து மன்றத்தைச் சாய்த்தது. அதன் பிறகும் பாடம் வரவில்லை. சிக்கனம் என்று குப்பை லாரிப் பணியிடம் ஒன்றை ஒழிக்கப் போய், 2025இல் மாதக்கணக்கில் குப்பை மலையாகக் குவிந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் 2013 ஜூலையில் சுமார் 18 பில்லியன் டாலர் கடனோடு திவாலானபோது, நகரத்துக்கு உழைத்து ஓய்வுபெற்ற சாதாரண ஊழியரின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதத்தைப் பிடித்தார்கள். நம் ஊராட்சிகள் திவால் அறிவிப்பதில்லை. அவற்றின் கடன் அவற்றில் வேலை பார்ப்பவர்களின் பெயரில், மகளிர் குழுக் கடனாகவும் நகைக் கடனாகவும் வாராந்தரத் தவணையாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு ஆபத்து நெருங்குகிறது. இப்போது பங்கீடு 2011 கணக்கெடுப்பை வைத்து நடக்கிறது. 2027 கணக்கெடுப்பு முடிந்ததும் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் சென்னைக்கும் குடிபோனவர்கள் இங்கே எண்ணப்பட மாட்டார்கள். தொட்டி அப்படியே இருக்கும், குழாய் அப்படியே இருக்கும், வயதானவர்கள் இருப்பார்கள்; தலை எண்ணிக்கை குறைந்ததால் பணம் குறையும். இதே மாவட்டத்தில் செக்காரக்குடிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் தண்ணீர் இல்லாமல் குடும்பம் குடும்பமாக வெளியேறி, கடைசியாகத் தனியாக வாழ்ந்த முதியவரும் 2024இல் இறந்துபோனார். ஓர் ஊர் காலியாவதற்கு முன்னால் அங்கே தண்ணீர் திறந்துவிடுகிறவரின் வேலை காலியாகிறது. விளாத்திகுளம், புதூர் ஒன்றியங்களில் சிறு குக்கிராமங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்த ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

அதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. மின்கட்டணத்துக்குச் செய்ததைக் கூலிக்கும் செய்யலாம்: மாநில நிதி ஆணையப் பங்கிலிருந்து பணியாளர் ஊதியத்தை முதலிலேயே தனியே பிரித்து, மாதத்தின் முதல் வாரத்தில் நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். பங்கீட்டில் தலை எண்ணிக்கையோடு குடியிருப்புகளின் எண்ணிக்கையையும் சேர்க்கலாம். அரசாணை 62ஐ ஊராட்சிகளில் நடைமுறைப்படுத்த ஆகும் கூடுதல் தொகையை மாநிலம் ஏற்கலாம். ஒன்றிய மானியத்தின் சம்பளத் தடையைக் குடிநீர், துப்புரவுக் களப்பணியாளர்கள் வரைக்குமாவது தளர்த்தச் சொல்லி நம் மக்களவை உறுப்பினர்கள் வாதாடலாம். தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்தலாம்.

இதைப் படிக்கிற நீங்கள் விளாத்திகுளத்துக்காரரானாலும் வெளியூரில் வேலை பார்க்கும் கரிசல்காரரானாலும், அடுத்த கிராம சபைக்குப் போக முடிந்தால் போங்கள். வரவு செலவு வாசிக்கும்போது தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் எந்த மாதம்வரை சம்பளம் கொடுத்தாயிற்று என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.